செட் தோசை மீதான விசாரணை

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொன்ன புண்ணியவான் கடத்தூர் மாதுவைப் பார்த்திருக்க மாட்டார். மாதுவின் மடியில் கனம் என்று சொல்ல ஒரு பீடிக்கட்டுகூடக் கிடையாது. ஆனாலும் பயம். ஜீப் என்றால் பயம், கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் பயம். “உங்க பேரு?” என்று யாராவது கேட்டால், அது கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்காக இருந்தாலும், ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்.

இந்தப் பயம் பெங்களூரில் பிடித்தது. மீசை அரும்பும் வயதில் மொரப்பூரில் ரயிலேறியவர், அங்கே ஓர் ஓட்டலில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றே பாதி வயதைத் தொலைத்தார். யார் அதட்டினாலும் “சரி சார்” என்று சொல்லப் பழகியது அங்கேதான். படுக்கை மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். கல்யாணமாகி, மகள் ரேவதி பிறந்து, அவள் தவழ்ந்தது, நடந்தது எல்லாமே அவருக்குப் போனில் வந்த செய்திதான். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் குழந்தை உள்ளே ஓடிப்போனது. அன்றைக்கு மாது அழுத அழுகையைப் பார்த்து மனைவி எழிலரசியே கலங்கிப்போனாள். “கூழோ கஞ்சியோ, இங்கியே இருந்து குடிப்போம். இனிமே அந்த ஊருக்கு நீங்க போவ வேணாம்” என்று அவள்தான் முடிவு கட்டினாள்.

அப்படிப் பிறந்ததுதான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ‘மாது செட் தோசை’. உள்ளங்கை அகலத்தில், பஞ்சு மாதிரி மெத்தென்று, மூன்று தோசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கூட ஒரு கரண்டி குருமா. மூன்றில் ஒன்றைத் தனியாகக் கேட்டால் மட்டும் மாது தரமாட்டார். உலகத்தில் அவர் பயப்படாமல் மறுத்துப் பேசும் விஷயம் அது ஒன்றுதான். “பிரிக்கக் கூடாதுங்க. மூணும் ஒண்ணா இருந்தாத்தான் செட்டு” என்பார்.

கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணி மாதம் ஒருநாள் காலையில், கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து, ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் பச்சியப்பன். அயற்சொல் நெறிப்படுத்தும் வாரியத்தின் தருமபுரி மண்டலச் சொல் ஆய்வாளர். கையில் அளவு நாடா இருந்தது. பெயர்ப் பலகையின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அளந்தார். பிறகு நிதானமாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“மாதுங்கிறது நீங்க. அது சரி. தோசையைப் பின்னால பாத்துக்கலாம். நடுவுல ஒருத்தர் நிக்கிறாரே, செட்டுன்னு. அவரு யாரு?”

மாதுவுக்குப் புரியவில்லை. கடைக்குள் அப்படி யாரும் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

“அந்தச் சொல்லத்தான் கேக்கறேன். எந்த ஊரு அவருக்கு? தாய் தகப்பன் யாரு? என்ன வேலையா இங்க வந்தாரு?”

“பெங்களூர்ல இருந்து நான்தாங்க கூட்டியாந்தேன்” என்றார் மாது. சொன்ன பிறகுதான், ஏதோ ஆளைக் கடத்தி வந்ததுபோல ஒப்புக்கொண்டுவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பச்சியப்பன் கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல்வலிக்காரரிடம் பேசும் டாக்டர்போல மெதுவாகத்தான் பேசினார். “பாருங்க மாது, இது இங்கிலீஷ்காரர். நாங்க ஆபீஸ்ல விசாரிச்சுட்டோம். இவருக்கு நானூறுக்கும் மேல அர்த்தம் இருக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருந்தாலே போலீஸ் தேடும். ஒரு பேருக்கு நானூறு அர்த்தம்னா சும்மா வுட முடியுமா? நீங்க இவரை எந்த அர்த்தத்துல வேலைக்கு வெச்சிருக்கீங்க?”

“மூணு தோசைங்கிற அர்த்தத்துலங்க.”

“நானூறுல அது இல்லையே.”

மாது தோசைக்கரண்டியைக் கீழே வைத்தார். “அப்ப அழிச்சிடறேன்ங்க. ‘மூணு தோசை’ன்னே எழுதிக்கிறேன்.”

“ஐயையோ” என்று பதறினார் பச்சியப்பன். “அழிச்சா சாட்சியத்த அழிச்ச மாதிரி ஆயிடும். அது தனிக் குற்றம்.”

“அப்பிடியே வுட்டுடறேன்ங்க.”

“வுட்டா, தெரிஞ்சே தொடர்ந்த மாதிரி ஆயிடும்.”

கடைசியில் எழிலரசியின் பழைய சேலை ஒன்றைப் பலகைமேல் போட்டு மூடினார்கள். புதன்கிழமை தருமபுரியில் விசாரணை என்று கையில் உத்தரவு வந்தது. அந்தச் சொல்லை ஊரில் வேறு யார் யார் வைத்திருக்கிறார்களோ அவர்களைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டும். சொல்லின் பூர்வீகமும் பொருளும் நிரூபணம் ஆகாவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பச்சியப்பன் இரண்டு செட் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதை அவர் ‘மாதிரி எடுத்தல்’ என்று குறிப்பிட்டார்.

மாது அன்று சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் பெங்களூர் மாடியும் அரிசி மூட்டைகளும்தான் தெரிந்தன. மூட்டைச் சணல் வாசம்கூட மூக்கில் அடித்தது. கடை போனால் வேறு கதி இல்லை. அவருக்குத் தெரிந்தது தோசைக்கல் ஒன்றுதான். அந்தக் கல் இங்கே ஆறிவிட்டால் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

“சாட்சிக்கா பஞ்சம்?” என்றாள் எழிலரசி. “ஊர்ல பாதிப் பேரு செட்டு வெச்சிருக்கான். போய்க் கூப்புடுங்க, வருவாங்க.”

மாது முதலில் போனது மைக் செட் ஆண்டியிடம். கோயில் திருவிழாவானாலும் காதுகுத்தானாலும் ஆண்டியின் குழாய்தான் ஊர் முழுக்கக் கேட்கும். விஷயத்தைக் கேட்டதும் ஆண்டியின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. “மாதண்ணா, நான் வெச்சிருக்கறது மைக்கு. செட்டுன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கனா?” என்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ‘ஆண்டி மைக் செட்’ என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் மாது அந்தப் பக்கம் போனபோது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

பம்பு செட் மாணிக்கம் கிணற்று மேட்டில் நின்றபடியே கையை ஆட்டி மறுத்தார். “அது மோட்டாருப்பா! நீயா எதையாவது சொல்லி வெக்காதே. அப்பறம் கரண்டுக்காரனும் கூடவே வருவான்.” அன்று மாலை மோட்டார் கொட்டகைமேல் சோளத்தட்டுப் போர் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

இப்படியே செய்தி பரவியது. சங்கையும் சும்மா கிடக்க விடாத ஊர், இது போதாதா? செட் வைத்திருப்பவர்களை எல்லாம் பிடிக்கிறார்களாம் என்று கடத்தூரில் ஆரம்பித்த பேச்சு மொரப்பூர் போய்ச் சேர்வதற்குள், பிடித்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாவது செட் சேரும் நேரத்தில் கட்டைக் கலைத்துவிட்டு ஓடினார்கள். நகைக்கடையில் கம்மல் செட் வாங்க வந்தவர்கள் ஒரு காதுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். கொத்தனார் ஒருவர், தாழ்வாரத்துக்குப் போட்ட கான்கிரீட் செட் ஆகும் வரை காத்திருக்கப் பயந்து, சாரத்தை அன்றைக்கே பிரித்தார். அந்தத் தாழ்வாரம் என்ன ஆனது என்பது இந்தக் கதைக்கு வெளியே.

“எங்க ஸ்கூல்லகூடச் சொல்லுவாங்கப்பா” என்றாள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ரேவதி. “அவனுக்கும் அவளுக்கும் செட் ஆயிடுச்சின்னு.”

மாதுவுக்கு அதுவரை இருந்த பயம் போதாதென்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. “யாருக்கும்மா?” என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் வருவதாகச் சொன்னவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற இன்னாசி வாத்தியார். அவரிடம் இருந்தது பல் செட். “எனக்கென்னய்யா பயம்? என் வாயில இருக்கறத எவன் புடுங்க முடியும்?” என்று மார்தட்டினார். மாதுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நீங்க தெய்வம்” என்றார்.

வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கட்டடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பது தீராமல் நின்றுபோயிருந்தது. அதனால் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் வாடிக் கிடந்தன. மணமேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில், தலைவரும் துணைத் தலைவர் முருகேஷும் அமர்ந்திருந்தார்கள். பக்கத்தில் சொற்பிறப்பியல் உறுப்பினர் முனைவர் கலைச்செல்வி, பின்வரிசையில் மற்ற உறுப்பினர்கள். கீழே, பந்தியில் உட்கார்வதுபோல, மாதுவும் எழிலரசியும் இன்னாசி வாத்தியாரும். மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, ஆண்டிதான். மாதுவைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் பயம்.

தலைவர் தொடக்கவுரை ஆற்றினார்.

“இந்த வாரியம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு சொல்லையும் நாம் தவறாக அனுமதித்ததில்லை. ஏனெனில், ஒரு சொல்லையும் நாம் அனுமதித்ததில்லை.” கைதட்டல் எழுந்தது. “ஆனால், மக்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நம்மைக் கேட்காமல் பேசுகிறார்கள். வயலில் பேசுகிறார்கள், பேருந்தில் பேசுகிறார்கள், குழந்தைகள்கூடப் பேசுகின்றன. பேச்சு முழுவதுமாக நின்றால்தான் மொழியைக் காப்பாற்ற முடியும் என்பது என் நாற்பதாண்டு ஆராய்ச்சியின் முடிவு. தேங்க் யூ.”

பச்சியப்பன் எழுந்து, கடைசி இரண்டு சொற்களைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று அறிவித்தார்.

முதல் சாட்சியாக இன்னாசி வாத்தியார் மேடை ஏறினார். வெல்வெட் நாற்காலிகளையும் அடையாள அட்டைகளையும் கிட்டத்தில் பார்த்ததும் அவருக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. சட்டென்று பல் செட்டைக் கழற்றி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அவர் நீண்ட நேரம் உணர்ச்சியோடு பேசினார். யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ‘சாட்சி பேசியது இதுவரை பதிவாகாத ஒரு மொழி, தனி விசாரணைக்கு உரியது’ என்று குறித்துக்கொண்டார்கள். வாத்தியாரை ஓர் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மாதுவின் ஒரே சாட்சியும் போயிற்று.

அடுத்துக் கலைச்செல்வி எழுந்தார். அவர் உண்மையிலேயே படித்தவர்.

“இது ஒரு சொல் அன்று. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் இரண்டு சொற்கள். மூத்தவர் பழைய ஆங்கிலத்தில் பிறந்தவர். உட்கார வைப்பது, ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவது அவர் தொழில். பாறையில் சிலையை நிறுத்துவது, கடிகாரத்தைச் சரியான மணிக்கு வைப்பது எல்லாம் அவர் வழி வந்தவை. இளையவர் இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சுக்காரர் வீட்டில் வளர்ந்து, பிறகு ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தவர். அவருக்கு முதற்பொருள், ஒருவர் பின்னால் கேள்வி கேட்காமல் போகும் கூட்டம்.”

“அருமை” என்றார் தலைவர். “அருமை” என்றார் முருகேஷ். “அருமை” என்றது பின்வரிசை.

“அதெல்லாம் ஏற்க முடியாது” என்று முருகேஷ் உடனே மாற்றிக்கொண்டார். “சேர்த்து வைப்பது சேர்த்தி. சேர்த்தி தேய்ந்து சேத்தி. சேத்தியைக் கப்பலில் ஏற்றினால் வழியில் உப்புக்காற்றில் தேயாதா? கரையிறங்கும்போது செட். இது நம்ம வீட்டுப் பிள்ளைதான், வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறது.”

மாதுவுக்கு உயிர் வந்தது. வெளிநாடு போய்த் திரும்பிய பிள்ளை என்றால் வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே? பெங்களூர் போன தன்னை எழிலரசி சேர்த்துக்கொள்ளவில்லையா? அவர் கைகூப்பி எழுந்தார்.

“உட்காருங்கள்” என்றார் தலைவர். மாது உட்கார்ந்தார். அவரை உட்கார வைத்தது மூத்த சொல்லா இளைய சொல்லா என்று ஒரு சிறிய விவாதம் நடந்து அடங்கியது.

கேள்வி இப்படி வந்து நின்றது: மாதுவின் தோசை எந்தக் குடும்பம்? கல்லில் மாவை இருத்துவதால் மூத்தவரா? மூன்றாகக் கூடி வருவதால் இளையவரா? கப்பலில் வந்த சேத்தியா? நேரில் சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்வது அறிவியலுக்கு அழகல்ல என்று தலைவர் கருதினார். மாது மாவோடும் குருமாவோடும் வரவேண்டும் என்பது உத்தரவிலேயே இருந்தது. மண்டபத்துச் சமையல்கட்டில் கல் காய்ந்தது.

முதல் தட்டு முருகேஷிடம் போனது. மேல் தோசையைத் தின்றுவிட்டு மீதியை உற்றுப் பார்த்தார். “இப்போதும் செட்தான்போலத் தெரிகிறது.” இரண்டாவதைத் தின்றார். “இப்போது சந்தேகமாக இருக்கிறது.” மூன்றாவதையும் தின்றார். “இப்போது இல்லை.”

“எந்த இடத்தில் போனது?” என்று கேட்டார் தலைவர்.

“கவனிக்கவில்லை.”

மறுபடி தட்டு வந்தது. இந்த முறை தலைவர் தாமே சோதித்தார். அவராலும் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கலைச்செல்வி அடியிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். பின்வரிசை நடுவிலிருந்து ஆரம்பித்தது. சமையல்கட்டுக்கும் மேடைக்கும் எழிலரசி ஓடிக்கொண்டே இருந்தாள். “இவங்க ஆராயறத பாத்தா மூணு நாளு பட்டினி கெடந்த மாதிரி இருக்குதே” என்று புருஷனின் காதில் சொன்னாள். மாது, கேட்டுவிடப்போகிறார்கள் என்று, மாவுக் கரண்டியாலேயே அவள் வாயைப் பொத்தினார். மாவு தீர்ந்தது. ‘சாட்சியம் தீர்ந்துவிட்டபடியால்’ என்று தீர்ப்பு தொடங்கியது.

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாது எழிலரசியின் முந்தானை நுனியைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வாரியம் கருணை இல்லாதது அன்று. கடையை மூடச் சொல்லமாட்டோம். கடை திறந்திருக்கலாம். மூன்று தோசைகளையும் அடுக்கி விற்கலாம். ஆனால் ஆராய்ச்சி முடியும் வரை அந்தச் சொல் மட்டும் கடைக்குள் வரக்கூடாது. எழுதக்கூடாது, சொல்லக்கூடாது. வேறு சொல்லையும் அதன் இடத்தில் வைக்கக்கூடாது. அந்த இடம் சட்டப்படி காலியாக இருக்க வேண்டும். மீறினால் அன்றைக்கே கடையை மூடிவிடுவோம்.”

“ஆராய்ச்சி எப்பங்க முடியும்?” என்றாள் எழிலரசி.

“நல்ல ஆராய்ச்சி முடிவதில்லை, அம்மா.”

“அப்ப வர்றவங்க எப்பிடிங்க கேப்பாங்க?”

“அது எங்கள் வரம்புக்குள் வராது” என்றார் தலைவர்.

எழிலரசி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மாது விடவில்லை. கடை இருக்கிறது, பெங்களூர் இல்லை, அவருக்கு அது போதும். மண்டபத்தை விட்டு இறங்கும்போது, திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். வாத்தியாரை அவர்கள் வெளியே விட்டபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு கடை நடந்த விதத்தைக் கடத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். பலகையில் ‘மாது’ ஒரு மூலையிலும் ‘தோசை’ மறு மூலையிலும் நின்றன. நடுவில் வெள்ளை. மாது கல்லுக்கு முன்னால் நிற்பார். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணால் கெஞ்சுவார். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல், “ரெண்டு செட்...” என்று ஆரம்பித்தால், பெஞ்சில் இருப்பவர்களே எழுந்து அவர் வாயைப் பொத்தினார்கள். அந்தச் சொல் இல்லாமல்போனதில் மாதுவுக்கு மெல்ல மற்ற சொற்களும் குறைந்தன. எந்தச் சொல்லுக்கு எந்த ஊரோ, யார் கண்டது? ‘குருமா’ என்று சொல்ல யோசித்தார். ‘சட்னி’யை விட்டுவிட்டார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வந்தவர், அதுவும் எங்கிருந்து வந்ததோ என்று பாதியில் நிறுத்தினார். அன்றைக்குத்தான் எழிலரசி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் ஒரு வழி பிறந்தது. சேலம் பஸ் டிரைவர் ஒருவர், அவசரத்தில் ஜன்னல் வழியாகவே மூன்று விரலை விரித்துக் காட்டினார். மாதுவுக்குப் புரிந்தது. மூன்று தோசையைக் கட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் கடத்தூர் முழுக்க அதுதான் வழக்கம். வருகிறவர் மூன்று விரலைக் காட்டுவார். மாது பதிலுக்கு மூன்று விரலைக் காட்டி, வருகிறது என்று தலையாட்டுவார். சொல் இல்லை, எழுத்து இல்லை, வம்பு இல்லை. கூட்டம் திரும்ப வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ரேவதி ரோட்டின் அந்தப் பக்கம் நின்று மூன்று விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். மாதுவும் தூக்கிக் காட்டுவார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து, எழிலரசிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்படி ஒரு காலையில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மகளும் இந்தப் பக்கம் தகப்பனும் விரலைத் தூக்கி நின்றபோது, நடுவில் ஜீப் ஒன்று வந்து நின்றது.

பச்சியப்பன் இறங்கினார். மாதுவின் கை தூக்கியது தூக்கியபடியே நின்றது. இறக்கலாமா கூடாதா, இறக்கினால் சாட்சியத்தை அழித்ததாக ஆகுமோ என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சியப்பன் கிட்டத்தில் வந்து, அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டே, வழக்கம்போல மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார்.

“இது எந்த மொழிங்க மாது?”